குறைகள் என்னும் தலைப்பின் கீழ்

சென்ற மாதம் ஜுமுஆ தொழுகை முடிந்து பள்ளிவாசற் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பெரியத்தா முறையுள்ள ஒருவர் என் தோளைத் தொட்டார். "ஏம்பா, ராத்திரியெல்லாம் கண் முழிச்சு கம்ப்யூட்டர்லே என்னமோ செய்யிறியாமே, அதுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்றார்.

"சம்பளம் ஒண்ணும் இல்லீங்க பெரியத்தா."

"அப்போ அதை வாங்கறவங்க யாரு?"

"வாங்கறதுன்னு இல்லீங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். விலை கிடையாது."

அவர் சிறிது நேரம் என்னையே நோக்கியவாறு நின்றார். பிறகு, "உங்க அத்தாவுக்கும் இதே புத்திதான்" என்று கூறிவிட்டு நடந்தார். அதனை அவர் குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. படியில் நின்றபடி விடை கூற இயலாத அக்கேள்விக்கு இங்கே சற்று விரிவாக விடை கூற முயல்கிறேன்.

நான் செவிலிமேட்டுக்காரன். காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் சாலை பாலாற்றைக் கடக்குமுன் தொட்டுச் செல்லும் ஊர் அது. இன்று காஞ்சி மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. நரசிம்மர் கோயிலும், இராமானுசரோடு சேர்த்துப் பேசப்படும் சாலைக் கிணறும் அதன் அடையாளங்கள். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் தறி ஒலிக்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் எங்கள் வீடும் ஒன்று. என் அத்தா நெசவாளர் அல்லர். ஜக்கார்டு அட்டை அடிப்பவர். சேலையின் கரையிலும் முந்தானையிலும் எழ வேண்டிய பூவையும் கொடியையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அக்கட்டங்களைத் துளைகளாக அட்டைகளில் இறக்குவது அவர் தொழில். ஊடை ஒரு முறை செல்வதற்கு ஓர் அட்டை. ஒரு முந்தானைக்கு நூற்றுக்கணக்கான அட்டைகள். அவற்றை வரிசையாக நூலால் கோத்துத் தறியின் தலையில் ஏற்றுவார்கள். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் அமைத்த அந்த ஏற்பாட்டிலிருந்தே துளையட்டைக் கணிப்பொறிகளின் எண்ணம் கிளைத்தது என்பதைப் பலரும் எழுதிவிட்டனர். நான் அதனைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல விரும்புவது அத்தாவின் ஒரு பழக்கத்தை.

அவர் ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் பென்சிலால் எண் இடுவார். கோத்த நூல் அறுந்து அட்டைகள் சிதறினால் மீண்டும் வரிசைப்படுத்த அவ்வெண்ணே துணை. இதனை எல்லாரும் செய்வர். ஆனால் அத்தா கடைசி அட்டையின் பின்புறத்தில் வேறொன்றும் எழுதுவார்: இவ்வடிவத்தில் தமக்கே நிறைவளிக்காத இடம் எது, எத்தனையாவது அட்டையில் கொக்கி தவற வாய்ப்புண்டு, எந்த நூல் எண்ணுக்கு இது பொருந்தாது என்பவற்றை. தறி வைத்திருப்போர் சிலர் இதனை விரும்பவில்லை. "என்ன பாய், காசு குடுத்து வாங்குற பொருள்லே நீங்களே குத்தம் எழுதிக் குடுக்குறீங்களே!" என்று ஒருவர் எங்கள் திண்ணையில் அமர்ந்து கடிந்துகொண்டதை நான் கேட்டிருக்கிறேன். அதனால் அத்தா இழந்த வாடிக்கைகளும் உண்டு.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கணிப்பொறியை இயக்குவதற்கு ஓர் அடிப்படை மென்பொருள் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விலைக்கு வாங்கும் விண்டோஸ். மற்றொன்று லினக்ஸ். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக 1991 ஆகஸ்டு 25ஆம் நாள் அறிவித்தார். அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1983இல், அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' என்னும் பெயரில் கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவர் வகுத்த உரிமத்தை டோர்வால்ட்ஸ் 1992இல் தம் படைப்புக்கு ஏற்றுக்கொண்டார். எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் வழங்கும்போது தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் தந்தாக வேண்டும் என்பதே அதன் சாரம். அரசு மாணவர்களுக்கு 2011 முதல் வழங்கிய மடிக்கணிப்பொறிகளில் 'பாஸ்' என்ற பெயரில் இருந்ததும் லினக்ஸ்தான். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது.

நம் குடும்பத்தாருக்கு இதனை விளக்குவதற்கு நான் வக்ஃபை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. ஒருவர் கிணறு வெட்டிப் பொதுவுக்கு விட்டுவிட்டால் நீர் எல்லார்க்கும் உரியது; கிணற்றை எவரும் தம் சொத்தாக்கிக்கொள்ள முடியாது; பார்த்துக்கொள்ள ஒரு முத்தவல்லி இருப்பார். கட்டற்ற மென்பொருளிலும் அத்தகைய முத்தவல்லி ஒருவர் உண்டு; பராமரிப்பாளர் என்பர். ஆனால் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்கவும் உரிமம் இடங்கொடுக்கிறது. மேலும், முத்தவல்லியோடு பிணக்கு ஏற்பட்டால் கிணற்றை இரண்டாக்க இயலாது. மென்பொருளையோ ஒரு நொடியில் படியெடுத்து வேறொரு பெயரில் வேறொரு கிளையாக வளர்க்கலாம். நம் ஜமாஅத்துகளில் இவ்வசதி இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

லினக்ஸ் ஓடும் பொறிகளுள் பல, திரையும் விசைப்பலகையும் இன்றி ஒரு மூலையில் அமர்ந்து பிற கணிப்பொறிகளுக்கு ஊழியம் செய்பவை. வழங்கிகள் என்று அவற்றைக் கூறுகிறோம். யாருக்கு எந்தக் கோப்பைப் பார்க்க உரிமை, எந்த நேரத்தில் எந்தப் பணி தானாக நடைபெற வேண்டும், தட்டில் இடம் எவ்வளவு மீதி, கணக்குகளின் மறுபடி எங்கே எடுத்து வைக்கப்படுகிறது என்பவற்றையெல்லாம் கவனிக்க நிர்வாக மென்பொருள்கள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் ஜேமி கேமரன் 1997இல் தொடங்கிய வெப்மின் அவற்றுள் புகழ்பெற்றது. கட்டளைகளை மனப்பாடம் செய்யாதவரும் உலாவியைத் திறந்து, பத்தாயிரம் என்ற வாயிலெண்ணில் நுழைந்து, வழங்கியை ஆளலாம். 2003இல் அவரே அதனைப் பற்றி ஒரு பெருநூலும் எழுதினார். செய்தவரே விளக்கமும் எழுதுவது எவ்வளவு அரிது என்பதை இத்துறையில் உள்ளோர் அறிவர்.

நான் 2009இல் ஒரு கல்வி நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்ந்தேன். எனக்கு முன்பு அவ்வேலையில் இருந்தவர் துபாய்க்குச் சென்றுவிட்டார். நல்ல திறமைசாலி, அவர் அமைத்து வைத்த வழங்கி இரண்டு ஆண்டுகள் ஒரு குறையுமின்றி ஓடியது. ஆனால் ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தலையோடு துபாய்க்குச் சென்றுவிட்டது.

வழங்கியில் இரண்டு தட்டுகள் இருந்தன. முதலாவதில் மாணவர்களின் கட்டணக் கணக்குகள். நாள்தோறும் நள்ளிரவில் அவற்றின் மறுபடி இரண்டாம் தட்டுக்குச் செல்லுமாறு ஏற்பாடு. மறுநாள் காலையில் 'மறுபடி நிறைவேறியது' என்றொரு செய்தி எனக்கு வரும். அதனைப் பார்த்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்வேன். 2011ஆம் ஆண்டுக் கோடையில் மின்தடை கடுமையாயிருந்தது. ஒரு நாள் மின்சாரம் போய் வந்தபின் முதல் தட்டு எழவே இல்லை. நான் கலங்கவில்லை, இரண்டாம் தட்டு இருக்கிறதே! அதனைத் திறந்து பார்த்தேன். கடைசி மறுபடி மூன்று மாதங்களுக்கு முந்தைய நாளிட்டதாயிருந்தது.

நடந்தது இதுதான். லினக்ஸில் ஒரு தட்டினைப் பயன்படுத்த வேண்டுமெனில், ஏற்கனவே உள்ள ஒரு வெற்று அடைவோடு அதனைப் பொருத்த வேண்டும். பொருத்தியபின் அவ்வடைவின் பெயரில் எழுதுவதெல்லாம் அத்தட்டுக்குச் செல்லும். முன்னவர் அதனைக் கையால் பொருத்தியிருந்தார். பொறி விழிக்கும்போதெல்லாம் தானாகப் பொருந்துவதற்கு எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் எழுத வேண்டிய ஒரு வரியை எழுதவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மின்தடையில் பொறி நின்று மீண்டும் எழுந்தது. இரண்டாம் தட்டு பொருந்தவில்லை. ஆனால் அந்த வெற்று அடைவு அதே பெயரில் முதல் தட்டிலேயே இருந்ததல்லவா? மறுபடிகள் அனைத்தும் அன்று முதல் அதற்குள் சென்று விழுந்தன. அடுத்த வீட்டுப் பெட்டியில் நகையைப் பத்திரப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, அதே பெயர் எழுதிய நம் வீட்டுப் பெட்டியிலேயே நாள்தோறும் வைத்துவந்தது போன்ற நிலை. வீடு எரிந்தபோது இரண்டும் போயின. 'நிறைவேறியது' என்ற செய்தியில் பொய் இல்லை. அது எங்கே நிறைவேறியது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

பதினொரு நாட்கள், இரசீதுகளின் அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு, நானும் அலுவலகத்துப் பெண்கள் இருவருமாக மூன்று மாதக் கணக்கை மீண்டும் தட்டச்சிட்டோம். சில இரசீதுகள் கிடைக்கவில்லை. இரண்டு மாணவர்களின் பெற்றோர் கட்டணம் செலுத்தியதாகச் சத்தியம் செய்தனர். எங்களிடம் சான்று இல்லை. அவ்விருவரின் தொகையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவர்களுள் ஒருவர் பொய் சொல்லியிருக்கவும் கூடும். எவர் என்று அறிய வழியில்லாமற் செய்தவன் நான்.

அன்றிரவு அத்தாவிடம் நடந்ததைக் கூறினேன். அவர் கணிப்பொறி அறியாதவர். "கடைசி அட்டையிலே ஒண்ணும் எழுதலையா அந்தப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

பின்னர்தான் நான் விளக்கக் குறிப்புகளின் வரலாற்றைப் படிக்கத் தலைப்பட்டேன். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதன் முதற் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று வரிசையாகத் தலைப்புகள் இட்டு, கடைசியில் 'குறைகள்' என்று ஒரு தலைப்பும், அதன் கீழே 'உரியவர்' என்று மற்றொன்றும் வைத்திருந்தனர். தாம் செய்த பொருளில் தமக்குத் தெரிந்த பிழை எது, அதற்கு யார் பொறுப்பு என்பதைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டது போன்ற ஏற்பாடு. 'உரியவர்' என்ற பகுதி பிற்காலத்தில் மறைந்துவிட்டது. 'குறைகள்' இன்றும் லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களில் நிலைத்திருக்கிறது. அதனை முதன்முதலில் திரையில் கண்டபோது எனக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காஞ்சியில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு. வாரந்தோறும் கூடிப் பேசுவர். இப்போது கூட்டங்கள் இணையவழி நடைபெறுகின்றன. பட்டுக்கடை வீதிகளுக்கும் கோபுரங்களுக்கும் இடையே இப்படியொரு கூட்டமா என்று வெளியூரார் வியப்பர். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்குவதற்கென்றே 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழோடு இந்த வட்டாரத்து நண்பர்களுக்கு நெருங்கிய தொடர்புண்டு. அக்கூட்டம் ஒன்றில் என் கதையைக் கூறினேன். "இதை இங்கே சொன்னா எங்க பத்துப் பேருக்குத் தெரியும். அந்த மென்பொருளோட கையேட்டிலேயே எழுதி அனுப்புங்க" என்றார் ஒருவர்.

மறுபடி எடுப்பதை நிர்வகிக்கும் சிறு மென்பொருள் அது; அதன் பெயர் இங்கே எவர்க்கும் பயன்படாது. இரண்டே பத்திகள் எழுதினேன். மறுபடி தொடங்குமுன் தட்டு உண்மையிலேயே பொருந்தியிருக்கிறதா என்று கட்டளை மூலம் சோதிக்க வேண்டும். இல்லையெனில் பணியை நிறுத்திக் கூக்குரல் இட வேண்டும். பொருந்தாத நிலையில் அந்த வெற்று அடைவில் எவரும் எழுத முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மறுபடியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்க்க வேண்டும். இதனை எழுத எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. ஆங்கிலம் தடுமாறியது. மூன்றாம் நாள் கடல் கடந்த ஓர் ஊரிலிருந்து மறுமொழி வந்தது. என் மொழிப் பிழைகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவற்றை அவரே திருத்தியிருந்தார். கேள்வி ஒன்றுதான்: எந்தப் பதிப்பில் இதனைச் சோதித்தீர்கள்? நான் சோதிக்கவில்லை; நினைவிலிருந்து எழுதியிருந்தேன். வெட்கத்தோடு பழைய பொறி ஒன்றை எடுத்துச் சோதித்தேன். நான் எழுதிய நான்கில் ஒன்று தவறு. திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். அன்று முதல் அக்கையேடு மெல்ல மெல்ல என் பொறுப்பாயிற்று.

தமிழிலும் எழுதத் தொடங்கியபோது வேறொரு இடர் எழுந்தது. தட்டினை அடைவோடு பொருத்துவதை ஆங்கிலத்தில் 'மவுண்ட்' என்பர். அகராதியைப் பார்த்தால் ஏறு, ஏற்று என்று வருகிறது. தட்டினை எதன்மேல் ஏற்றுவது? படிப்பவர் ஏணியைத் தேடுவார். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தறியருகே அமர்ந்திருந்தேன். பழைய பாவு முடியும் நிலையில், அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கி இணைத்துக்கொண்டிருந்தனர். ஆயிரக்கணக்கான இழைகள். "இதுக்குப் பேரு பிணைக்கிறது பாய். இதை விட்டுட்டா, தறி பாட்டுக்கு ஓடும், சத்தம் வரும், துணிதான் வராது" என்றார். என் மூன்று மாத மறுபடியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது! அன்றே 'பிணைத்தல்' என்று எழுதினேன். தமிழ்க் குறிப்புகளில் இன்றும் அச்சொல்தான். சென்னை நண்பர்கள் சிலர் 'மவுண்ட் செய்க' என்று எழுதினால் போதுமே என்கின்றனர். வேலையிடத்தில் அப்படித்தான் பேசுகிறோம் என்பது உண்மை. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆயினும் ஒரு சொல் அதன் செயலைக் கண்முன் நிறுத்துமெனில் அதனை விடுவதற்கு மனம் வருவதில்லை.

எழுதிவிட்டால் முடிந்தது என்று எண்ணுவோர் உளர். கையேடு பாலைப் போன்றது, நின்றால் திரியும். மறுபடி மென்பொருள் டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் ஓடுவது. 2015இல் வந்த அதன் எட்டாம் பதிப்பில், பொறி விழிக்கும்போது பணிகளைத் தொடங்கும் முறையே மாறிற்று; என் பக்கங்களில் பாதி ஒரே நாளில் பழையனவாயின. பைத்தான் மொழியின் இரண்டாம் தலைமுறைக்கு 2020 சனவரி முதல் ஆதரவு நின்றது. உள்ளிருந்த நிரல்களை மாற்ற வேண்டியதாயிற்று. சென்ட்ஓஎஸ் எட்டாம் பதிப்பு 2021 இறுதியோடு கைவிடப்பட்டது. அதனை நம்பியிருந்தோர் எங்கே செல்வது என்று கேட்டு எழுதிய மடல்களுக்கு விடை எழுதவே ஒரு மாதம் ஆயிற்று. மடல்களிலும் பல வகை. நன்றி கூறுவோர் உண்டு. தம் அலுவலகத்து அவசரத்தை என் தலையில் சுமத்தி, 'இன்னுமா சரிசெய்யவில்லை' என்று அதட்டுவோரும் உண்டு. அவர்கள் ஒரு பைசா தந்தவர்கள் அல்லர் என்பதை நான் நினைவூட்டுவதில்லை.

ஊதியமின்மை என் ஒருவன் கதையன்று. லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் மைக்கேல் கெரிஸ்க் பேணிவந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற அலெஹாந்த்ரோ கொலோமார், ஆதரவளிப்போர் இல்லாமையால் பணியை நிறுத்துவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார். உலகின் பெருநிறுவனங்கள் நாள்தோறும் புரட்டும் பக்கங்கள் அவை! அறிவிப்புக்குப் பிறகே சில நிறுவனங்கள் முன்வந்தன. அவர் பணி தொடர்ந்தது. எனக்கு அத்தகைய பெயரும் இல்லை, பணியின் பரப்பும் இல்லை. என் சம்பளம் வேறிடத்திலிருந்து வருகிறது. இது இரவு வேலை.

அந்த மென்பொருளைத் தோற்றுவித்தவர் 2019இல் எனக்கு எழுதினார். குழந்தை பிறந்திருக்கிறது, இனி நேரமில்லை, முழுப் பொறுப்பையும் ஏற்பீர்களா என்று. ஏற்றேன். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வெப்மினைப் பற்றிய அதிர்ச்சிச் செய்தி வந்தது. 2018ஆம் ஆண்டிலேயே யாரோ ஒருவர் அதனைக் கட்டித்தரும் பொறிக்குள் நுழைந்து, வழங்கப்படும் பொதியில் ஒரு கள்ள வாயிலைச் சேர்த்திருந்தார். அனைவர் பார்வைக்கும் வைத்த மூல நிரல் தூய்மையாக இருந்தது. மக்கள் இறக்கிக்கொண்ட பொதி வேறாயிருந்தது. ஓராண்டுக்கு மேல் எவரும் அறியவில்லை. ஜேமி கேமரன் அதனை மறைக்காமல், எந்தெந்தப் பதிப்புகள் பழுதானவை, எப்படி நேர்ந்தது என்று விவரமாக வெளியிட்டார்.

அத்தா 2023இல் படுக்கையில் வீழ்ந்தார். பகலில் அலுவலகம், மாலையில் மருத்துவமனை, இரவில் அவருக்கருகே பாய். மென்பொருளுக்கு வந்த மடல்கள் குவிந்தன. அப்போது ஒருவர் தாமாக முன்வந்தார். புனைபெயர் ஒன்றில் எழுதுவார். எந்த நாட்டினர் என்று தெரியாது. அவர் அனுப்பிய திருத்தங்கள் சுத்தமாயிருந்தன. கையேட்டையும் திருத்துவார், அதுவே அரிது, நிரல் எழுதுவோர் கையேட்டின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆறு மாதங்களில் நாற்பத்தொரு திருத்தங்கள். 2024 பிப்ரவரியில், புதுப் பதிப்புகளை வெளியிடும் உரிமையைத் தமக்குத் தந்தால் என் சுமை குறையுமே என்று மிகப் பணிவாகக் கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது என்றால் மிகையன்று. நோன்புப் பெருநாள் கழிந்ததும் தருகிறேன் என்று எழுதினேன்.

மார்ச் 29, வெள்ளிக்கிழமை. ரமலான் பிறை பதினெட்டு. தராவீஹ் முடிந்து வீடு திரும்பி, அத்தாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு மடல்களைத் திறந்தேன். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் வல்லுநர் எழுதிய அறிவிப்பு வந்திருந்தது. தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழையும்போது அரை நொடி கூடுதலாகத் தாமதமாகிறதே என்று ஐயுற்று அவர் துருவிப் பார்த்திருக்கிறார். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்னும் கருவிக்குள் கள்ள வாயில். அதனை வைத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் 2021 முதல் அத்திட்டத்துக்கு உதவி வந்தவர். அதன் பராமரிப்பாளர் லாசே கொலின் தனியொருவராக, உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த வேளையில், முகமறியாத சிலர் 2022இல் அவரை மடல்கள் வாயிலாக நெருக்கினர்: உம்மால் இயலவில்லையெனில் வேறொருவரிடம் ஒப்படையும் என்று. அப்பெயர்களுள் ஒன்று நம் நாட்டுப் பெயர் போன்றது. எல்லாம் புனைவு என்றே கருதப்படுகிறது. கொலின் ஒப்படைத்தார். இங்கும் மூல நிரலில் இல்லாத ஒரு பகுதி, வழங்கிய பொதியில் இருந்தது. ஸஹர் நேரம் வரை அதனையே படித்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கிற்று.

நம் முன்னோர் ஒரு செய்தியை ஏற்குமுன் அது யார் யார் வாயிலாக வந்தது என்ற சங்கிலியை ஆராய்ந்தனர். சங்கிலியில் உள்ளவர் எத்தகையோர் என்பதற்கே தனிக் கலையை வளர்த்தனர். எங்கள் துறையில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயரும் நாளும் குறிக்கப்பட்டுச் சங்கிலி உள்ளது. ஆனால் அப்பெயருக்குப் பின்னால் யார் என்று கேட்பது நாகரிகமன்று என்று கருதி வந்தோம். செய்த வேலையைப் பார், செய்தவனைப் பாராதே என்பது எங்கள் மரபு. அம்மரபினால்தான் செவிலிமேட்டுக்காரனாகிய என் இரண்டு பத்திகளையும் ஒருவர் ஏற்றார். நான் யார், எந்த மதத்தினன், என்ன படித்தேன் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் என் உதவியாளருக்கு எழுதினேன். ஒருமுறை குரலிலேனும் பேசுவோமா, தங்கள் உண்மைப் பெயரையும் பணியிடத்தையும் எனக்கு மட்டும் கூற இயலுமா என்று கேட்டேன். சொற்களை எவ்வளவு மென்மையாக்கினும் கேள்வி கேள்விதானே! இரண்டு நாட்கள் கழித்து மூன்று வரிகளில் மறுமொழி வந்தது. தங்கள் அச்சம் எனக்கு விளங்குகிறது. நான் வேலை செய்யுமிடத்து விதிகளால் பெயரை வெளியிட இயலாது. தங்கள் பணி சிறக்க வாழ்த்துகள். அவ்வளவே. பிறகு அவர் எழுதவில்லை.

அவருடைய நாற்பத்தொரு திருத்தங்களையும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இரண்டு வாரங்கள். ஒவ்வொன்றையும் தனிப் பொறியில் ஓட்டிச் சோதித்தேன். ஒரு கள்ளத்தையும் காணவில்லை. இருபத்தேழாம் திருத்தம், தட்டு பிணைந்திருக்கிறதா என்று சோதிக்கும் நிரலில் நான் 2020இல் செய்திருந்த ஒரு தவற்றைச் சரிசெய்திருந்தது. என் பெயரைச் சுட்டாமல், 'சிறு திருத்தம்' என்று மட்டும் குறித்திருந்தார். படித்துவிட்டு வருத்தம் தெரிவித்து ஒரு மடல் அனுப்பினேன், மறுமொழி இல்லை. அவர் நேர்மையாளராயின் நான் அவருக்கு அநீதி இழைத்தேன். அல்லராயின் தப்பினேன். இரசீது இல்லாத அந்த இரு மாணவர்களின் கணக்கைப் போலவே, இதையும் தீர்த்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

அத்தா அவ்வாண்டு துல்ஹஜ்ஜில் மறைந்தார். அவருடைய அலமாரியைப் பிரித்தபோது பழைய அட்டைக் கட்டுகள் இருந்தன. கரையான் தின்றது போக ஏழு கட்டுகள் மிஞ்சின. கடைசி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில், 'அன்னத்தின் கழுத்து சரியாக அமையவில்லை. 112ஐப் பார்க்க' என்று பென்சிலில் இருந்தது. 112ஆம் அட்டை கரையானுக்குப் போயிருந்தது.

இப்போது பதிப்பு வெளியிடும் முறையை மாற்றியிருக்கிறேன். மூல நிரலிலிருந்து எவர் கட்டினாலும் ஒரே பொதி கிடைக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே கட்டி ஒப்பிட்ட பின்பே வெளியிடுவது. இரண்டாமவராகக் காஞ்சிக் குழுவின் நண்பர் ஒருவர் உதவுகிறார். அவர் கட்டித் தருவார், நிரலுக்குள் நுழைய மாட்டார். கையேட்டின் முதற்பக்கத்தில் 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியைச் சேர்த்தேன்: 'இம்மென்பொருளைப் பராமரிப்பவர் ஒருவரே.' பயன்படுத்துவோர் அதனை அறிந்துகொண்டு பயன்படுத்தட்டும் என்று எண்ணினேன். இப்படி எழுதினால் யார் நம்பி எடுத்துக்கொள்வர் என்று நண்பர் கேட்டார். அண்மையில் டெபியனின் பதின்மூன்றாம் பதிப்பு வந்ததும் மீண்டும் பக்கங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று; அந்த வரி அப்படியே இருக்கிறது.

இரண்டு வாரங்களுக்கு முன் வந்தவாசியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். பிணைத்தல் பற்றிய தமிழ்ப் பக்கத்தில் நான்காம் படி இப்போது வேலை செய்யவில்லை, அதற்கு மாற்று இது என்று, தன் பெயரும் ஊரும் குறித்து. எந்தப் பதிப்பில் சோதித்தாய் அம்மா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.